சும்மா செருகியிருந்த வயர்

பெப்ரவரி 8, சனிக்கிழமை. பின்னேரம் 4.20. காலையில் தொடங்கிய தூறல் விட்டிருந்தது. வானம் மூட்டம். உட்துறைமுகப் பக்கமிருந்து உப்புக்காற்று.

இவ்வளவு திருத்தமாக ஏன் எழுதுகிறேன்? அந்த நிமிடத்தில்தான் எனக்குக் காது திரும்பக் கிடைத்தது. அல்லது, அது ஒருபோதும் போகவேயில்லை என்று தெரியவந்தது. இந்த இரண்டில் எது என்று இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்... நித்திரை வராத ஆளுக்கு இதெல்லாம் ஒரு வேலை.

இந்தப் பத்திரிகைப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் கிற்றாரைத் தெரியும். எலெக்ட்ரிக் கிற்றார். வயது அறுபத்தொன்பது என்றதும் வீணை, புல்லாங்குழல் என்று ஏதாவது எதிர்பார்ப்பவர்கள் மன்னிக்க வேண்டும். துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தவர்கள் நாலுபேர் சேர்ந்து ஒரு பாண்ட் வைத்திருக்கிறோம். கலியாணம், நத்தார் விருந்து, பெண்பிள்ளை பெரியவளானால் சாமத்தியவீடு... கூப்பிட்டால் போவோம். ஆடவைக்கும் பைலா, பழைய சினிமாப் பாட்டு. பயிற்சி, ட்ரம்ஸ் அடிக்கும் மரியதாஸின் கராஜில். அவனுடைய கார் அதனால் எட்டு வருடமாக வெளியில் நின்று துருப்பிடிக்கிறது. கேற்றைப் பூட்ட மறந்தால் திருகோணமலைத் தெருவில் திரியும் மான் உள்ளே வந்து அவன் மனைவியின் செவ்வரத்தைப் பூச்செடியைத் தின்றுவிடும். அதற்கும் எங்களுக்குத்தான் பேச்சு விழும்.

கதை மரியதாஸின் மகளைப் பற்றியது. ஸ்டெல்லா. அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பன் நான். அவளுக்கு ஏழு வயதிருக்கும்போது ஒரு வாக்குக் கொடுத்தேன் — உன் கலியாணத்தன்று மண்டபத்துக்குள் நீ நடந்து வரும்போது நான்தான் வாசிப்பேன் என்று. தனிக் கிற்றார். வேறு எந்த வாத்தியமும் இல்லாமல்.

கலியாணம் பெப்ரவரி 15. உவர்மலையில் மண்டபம். நான் வாசிப்பதாக இல்லை.

ஏன்? அதற்கு ஒக்டோபருக்குப் போகவேண்டும்.

ஒக்டோபரில் என் பழைய அம்பிளிஃபயரை விற்றேன். இருபத்தொரு கிலோ. அதைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் இடுப்பில் ஏதோ ஒன்று இடம் மாறியது. அதற்குப் பதிலாக ஒரு டிஜிட்டல் பெட்டி வாங்கினேன். அம்ப் மொடலர் என்பார்கள். இரண்டு செருப்பைப் பக்கத்தில் வைத்த அளவு. அதற்குள் எழுபத்திரண்டு அம்பிளிஃபயர்களின் சத்தம் இருக்கிறதாம். நான் எண்ணிப் பார்த்தேன். எழுபத்தொன்றுதான் இருந்தது. ஒன்று இரண்டு பெயரில் இருமுறை வந்திருந்தது. அதைச் சொன்னால் யாருக்கு அக்கறை?

புதுப் பெட்டி வாங்கினால் சிலர் உடனே வாசிப்பார்கள். நான் கைநூலைப் படித்தேன். அதில் ஒரு பக்கம் முழுக்க 'இன்புட் இம்பீடன்ஸ்' பற்றி. கிற்றாரின் கம்பிக்குக் கீழே இருக்கும் பிக்கப் என்பது ஒரு காந்தமும், அதைச் சுற்றிய தலைமயிர் போன்ற செம்புக் கம்பியும். அது தரும் சமிக்ஞை மிகப் பலவீனமானது. அதை வாங்குகிற பெட்டி அதைப் பிடித்து இழுக்கக் கூடாது. தொட்டும் தொடாமலும் வாங்கவேண்டும். எவ்வளவு மெதுவாக வாங்குகிறது என்பதற்கான எண்தான் இந்த இம்பீடன்ஸ். எண் பெரிதானால் இழுவை குறைவு. கிற்றார் அம்பிளிஃபயர்களில் வழக்கமாகப் பத்து இலட்சம் ஓம். மொடலரில் இதை நாங்களே மாற்றலாம். மாற்றினால் சத்தத்தின் குணமே மாறும்.

நான் பத்து இலட்சத்தில் வைத்தேன். மூன்று தரம் சரிபார்த்தேன். மனைவி புஷ்பத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“ஓம், பத்து இலட்சம். வங்கியில இருந்தா நல்லாயிருக்கும்,” என்றாள்.

நவம்பரில் கிளிவெட்டியில் ஒரு சாமத்தியவீடு. இரண்டாவது பாட்டின் நடுவில் பெட்டி நின்றுவிட்டது. திரையில் கம்பனிச் சின்னம் மட்டும். நாற்பது செக்கன். கீபோர்ட்காரர் சமாளித்தார். ஆனால் மேடையில் கிற்றாரோடு, சத்தமில்லாமல், விரலை மட்டும் அசைத்துக்கொண்டு நின்ற அந்த நாற்பது செக்கன் இருக்கிறதே... முன்வரிசையில் ஒரு சின்னப்பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தது.

வீடு வரும் வழி முழுவதும் யோசித்தேன். துறைமுகத்தில் என் வேலை, கப்பல் வந்ததும் அதை இறங்குதுறையில் கயிறு போட்டு நிறுத்துவதை மேற்பார்வை செய்வது. முப்பத்தொரு வருடத்தில் ஒரு கப்பலையாவது ஒற்றைக் கயிற்றில் விட்டேனா? அப்படியிருக்க என் கிற்றாரை மட்டும் ஏன் ஒரு வயரில் விட்டேன்?

அடுத்த நாளே ஒரு இரட்டை வயர் செய்வித்தேன். ஒரு முனை கிற்றாரில். மற்றப் பக்கம் இரண்டாகப் பிரியும். ஒன்று மொடலருக்கு. மற்றது நேரே, எல்லாச் சத்தத்தையும் சேர்த்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் மிக்ஸருக்கு. கீபோர்ட் செருகும் லைன் துளையில் அதைச் செருகி, அந்தச் சானலின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை அடியோடு இறக்கி வைத்தேன். சத்தம் வராது. பெட்டி நின்றால் மட்டும் ஃபேடரை உயர்த்தவேண்டும். கிற்றார் நேராக ஸ்பீக்கருக்குப் போகும். வேலை முடிந்தது.

மிக்ஸர் றிஸ்வியுடையது. கிண்ணியாவில் சவுண்ட் வாடகைக்கு விடுபவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். எங்கள் எல்லா நிகழ்ச்சிக்கும் அவர்தான். பழைய மிக்ஸர் ஒன்றை எங்கள் பயிற்சிக்கென்றே கராஜில் விட்டிருக்கிறார். என் ஏற்பாட்டைப் பார்த்து, “அங்கிள், நீங்க ப்ளேன் ஓட்டியிருக்கணும்,” என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரம் எனக்குத் தடிமன் பிடித்தது. மூக்கடைப்பு, காதடைப்பு. வாடை மழைக் காலத்தில் யாருக்குத்தான் இல்லை? மூக்கு ஒரு வாரத்தில் திறந்தது.

காது திறக்கவில்லை.

திறக்கவில்லை என்று எப்படித் தெரியும்? கராஜில் வாசித்தால் கிற்றார் கம்பளிக்குள் கிடந்து முனகியது. முதலாம் கம்பி — எல்லாவற்றிலும் மெல்லியது, கண்ணாடிபோல ஒலிக்கவேண்டியது — நனைந்த சணல்போல ஒலித்தது. மொடலரில் மேல்சுரங்களைக் கூட்டும் ட்ரெபிளை ஐந்திலிருந்து ஒன்பதுக்கு ஏற்றினேன். இரைச்சல் கூடியது, கண்ணாடி வரவில்லை. வீட்டில் வாசித்துப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பெட்டி கராஜில் கிடக்கிறது. வயர் இல்லாத எலெக்ட்ரிக் கிற்றாரின் சத்தம் காதோரம் பறக்கும் நுளம்பின் சத்தம். அதில் என்னத்தைக் கண்டுபிடிப்பது?

பெட்டியில் பிழையா? பத்து இலட்சம் பத்து இலட்சமாகவே இருந்தது. திரும்பவும் பார்த்தேன். திரும்பவும்... அப்படியென்றால் பிழை யாரில்?

ஜனவரியில் காது டொக்டரிடம் போனேன். ஒரு சின்ன அறைக்குள் இருத்தி, காதில் மாட்டி, கீக் கீக் என்று சத்தம் போட்டார்கள். கேட்டால் பொத்தானை அமத்தவேண்டும். நானும் அமத்தினேன்.

“உங்கட வயசுக்கு இது நல்ல காது ஐயா,” என்றார் டொக்டர்.

எந்த மனிதனும் அதைக் கேட்டு ஆறுதலடைவான். நான் அடையவில்லை. டொக்டருக்குத் தெரிந்தது கீக் சத்தம். அவர் என் கிற்றாரைக் கேட்டாரா? சரி, காதில் பிழையில்லை என்றே வைத்துக்கொள்வோம். பெட்டியிலும் பிழையில்லை. அப்படியானால் மிச்சம் என்ன?

விரல்.

அந்த எண்ணம் வந்த பிறகு மூன்று நாள் விரலை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கைப் பெருவிரலில் பிடி குறைந்துவிட்டது, கம்பியைத் தட்டும் வேகம் போய்விட்டது, அதுதான் சத்தம் செத்துக் கிடக்கிறது. எல்லாம் பொருந்தியது. பிழையான கணக்கு எப்போதும் அழகாகப் பொருந்தும் — கவனித்திருக்கிறீர்களா?

மரியதாஸிடம் போய்ச் சொன்னேன்.

“மச்சான், ஸ்டெல்லான்ர கலியாணத்துக்கு என்னால வாசிக்க ஏலாது. வேற ஆளைப் பார்.”

மறுப்பான் என்று எதிர்பார்த்தேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் ட்ரம்ஸ் குச்சியைத் துடைத்துக்கொண்டே, “சரி மச்சான். நீ யோசிக்காத. மட்டக்களப்பில ஒரு நல்ல ஆள் இருக்கு,” என்றான்.

ஆள் ஏற்கெனவே பார்த்து வைத்திருக்கிறான்!

ஸ்டெல்லாவும் ஃபோன் எடுத்தாள். “பரவாயில்லை மாமா, கஷ்டப்படாதேங்கோ. நீங்கள் முன்வரிசையில இருந்தாலே எனக்குக் காணும்.” அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். இவ்வளவு அன்பாகச் சொன்னதுதான் தாங்க முடியவில்லை. முன்வரிசைக் கதிரையில் கிற்றார் இல்லாமல் இருக்கும் ஞானத்தகப்பன் தன் கையை எங்கே வைத்துக்கொள்வது?

மட்டக்களப்புக்காரர் கலியாணத்தன்றுதான் வருவார். அதுவரை பயிற்சிக்கு ஒரு கிற்றார் வேண்டும். ஆகவே நான் போனேன். மற்றவனுக்காக இடம் பிடித்து நிற்கும் ஆளாக.

இப்போது பெப்ரவரி 8-க்கு வந்துவிட்டோம்.

ஸ்டெல்லா நடந்து வரும்போது வாசிக்கும் அந்த மெட்டை, நேரக் கணக்குப் பார்ப்பதற்காக, ஒரு தரம் வாசித்துக்கொண்டிருந்தேன். றிஸ்வி மண்டபத்துக்கு எத்தனை ஸ்பீக்கர் தேவை என்று கதைக்க வந்திருந்தார். தன் ஃபோனில் இருந்த ஏதோ பாட்டைப் போட்டுக் காட்ட அவருக்கு மிக்ஸரில் ஒரு துளை வேண்டும். பார்த்தார். ஒரு சானல், ஃபேடர் அடியில், சத்தமில்லாமல் சும்மா கிடந்தது. அந்தப் பிளக்கைக் கழற்றினார்.

கராஜுக்குள் யாரோ ஜன்னலைத் திறந்ததுபோல இருந்தது.

முதலாம் கம்பி பளீரென்று ஒலித்தது. என் விரல் தானாக நின்றது. மரியதாஸ் குச்சியோடு எழும்பிவிட்டான்.

“என்னடா செய்தனீ?” என்று என்னைக் கேட்டான்.

“நான் ஒண்டும் செய்யேல்லை.”

“நான்தான்... ஒரு வயரைக் கழட்டின,” என்றார் றிஸ்வி, களவெடுத்துப் பிடிபட்டவர்போல. “ஆரும் பாவிக்கல்லத்தானே அங்கிள்? ஃபேடர் கீழதானே இரிக்கு?”

“திரும்பச் செருகுங்கோ.”

செருகினார். கம்பளி.

“கழட்டுங்கோ.”

கண்ணாடி.

ஆறு தரம் செய்வித்தேன். ஆறாவது தரம் றிஸ்வி, “அங்கிள், இனி இந்தத் துளை தேஞ்சி போகும்,” என்றார்.

விஷயம் இதுதான். மொடலரின் வாய் பத்து இலட்சம் ஓம். மிக்ஸரின் லைன் துளை வெறும் பத்தாயிரம். அது கீபோர்ட்போன்ற பலமான ஆட்களுக்குச் செய்த துளை. மெதுவாக வாங்கத் தெரியாது. இரண்டையும் ஒன்றாகக் கிற்றாரில் மாட்டினால் பிக்கப்புக்குத் தெரியும் எண் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்று. பத்து இலட்சத்தைச் சேர்த்தும் பத்தாயிரத்தைவிடக் குறைவு! அந்த இழுவையில் முதலில் சாவது மேல்சுரங்கள்.

ஆனால் ஃபேடர் மூடியல்லவா இருந்தது? அங்கேதான் நான் விழுந்தேன். கன்னியா வெந்நீர்க் கிணற்றை நினையுங்கள். ஒருவர் கோப்பையால் அள்ளிக் குளிக்கிறார். இன்னொருவர் வாளியால் அள்ளுகிறார். குளிக்கவில்லை, அள்ளியதைத் தரையில் ஊற்றுகிறார். அவர் குளிக்காதபடியால் கிணற்றில் தண்ணீர் குறையாதா? ஃபேடர் என்பது அள்ளிய பிறகு ஊற்றுகிற இடம். அள்ளுவது அதற்கு முதலே நடந்துவிடுகிறது. இடையில் பஃபர் என்று ஒரு சின்னப் பெட்டி போட்டிருந்தால் எந்தப் பிரச்சினையும் வந்திராது என்று பிறகு படித்தேன். எல்லாம் பிறகுதானே படிக்கிறோம்.

நான் கைநூலைப் படித்தவன். எண்ணை மூன்று தரம் பார்த்தவன். பெட்டிக்குள் எண் சரியாகவே இருந்தது. பெட்டிக்கு வெளியே, என் கையால், பயத்தால், அதை நூறில் ஒன்றாக்கி வைத்திருந்தேன்.

எனக்கு இன்னொரு கேள்வி இருந்தது.

“டேய், மூண்டு மாதமா என்ர கிற்றார் இப்பிடிக் கேட்டதோ? உங்களுக்கும்?”

மரியதாஸ் கூரையைப் பார்த்தான். கீபோர்ட்காரர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கேட்டதுதான்,” என்றான் மரியதாஸ்.

“பிறகேன் ஒருத்தரும் சொல்லேல்லை?”

“எப்பிடி மச்சான் சொல்லுறது? உனக்குக் காது போயிட்டுது, அதுதான் இப்பிடி மந்தமா வச்சு வாசிக்கிறாய் எண்டு நினைச்சம். வயசுபோன மனுசனிட்டப் போய் உனக்குக் காது செவிடு எண்டு சொல்லச் சொல்லுறியோ?”

“நானும் அதைத்தானடா நினைச்சனான்!”

“அப்ப எல்லாருக்கும் ஒரே எண்ணம்தானே. பிறகென்ன சண்டை?”

யோசித்துப் பாருங்கள். எங்கள் ஊரில் ஒருவனிடம் அவன் உடம்பு வைத்து மொத்தமாகிவிட்டான் என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். மகனுக்கு ஏன் இன்னும் வேலை கிடைக்கவில்லை என்று கடைத்தெருவில் கேட்பார்கள். ஆனால் காதும் கண்ணும் மங்குகிறது என்று மட்டும் சொல்லமாட்டார்கள். மரியாதை! அந்த மரியாதையால் நாலுபேர் மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டு கம்பளிச் சத்தத்தைக் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் மரியாதை கெட்டிருந்தால் டிசம்பரிலேயே முடிந்திருக்கும்.

சரி. இனி நானே வாசிக்கலாம். அப்படித்தானே?

மட்டக்களப்புக்காரர் இருக்கிறாரே!

அவருக்கு நானே ஃபோன் எடுத்தேன். மிகவும் மரியாதையான மனிதர். முழுக்கக் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “உங்கட கிற்றார் சரிவந்தது நல்ல சந்தோசம் அண்ணே. ஆனா அண்டைக்கு வாழைச்சேனையில ஒரு கலியாணத்தை விட்டிட்டுத்தான் இதுக்கு ஓம் எண்டனான். இப்ப அவையள் வேற ஆளைப் பிடிச்சிட்டினம்.”

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. விலகுகிறேன் என்று போய்ச் சொன்னது நான். பக்கத்தில் நின்ற மரியதாஸ், அவருடைய சம்பளத்தைத் தானே கொடுப்பதாகச் சொன்னான். நான் விடவில்லை.

“நீங்கள் வாங்கோ தம்பி,” என்றேன். “பேசின காசு நான் தாறன். வந்து சாப்பிடுங்கோ.”

மரியதாஸுக்கு இதில் பெரிய மகிழ்ச்சி. “வரட்டும். உன்ர பெட்டி திரும்ப நிண்டாலும் அந்த ஆள் நிக்காது.”

அவன் பகிடிக்குச் சொன்னான். எனக்குள் அது பகிடியாக இறங்கவில்லை. ஏனென்றால் இப்போது இரண்டாவது வயர் இல்லை. பஃபர் பெட்டியைத் தேடினேன். திருகோணமலையில் மூன்று கடை, ஒன்றிலும் இல்லை. கொழும்பிலிருந்து வர ஒரு வாரத்துக்கு மேலாகும் என்றார்கள். ஒற்றை வயரென்றால் கண்ணாடிச் சத்தம், காவல் இல்லை. இரட்டை வயரென்றால் காவல், கம்பளிச் சத்தம். எதைத் தெரிவுசெய்வீர்கள்? நான் ஐந்து நாள் தெரிவுசெய்துகொண்டே இருந்தேன். புஷ்பம் கடைசியில், “அந்தப் பிள்ளை நடக்கிறது ரெண்டு நிமிசம். ரெண்டு நிமிசம் உங்களால நம்பி இருக்க ஏலாதோ?” என்று கேட்டாள்.

ஏலாது. ஆனாலும் ஒற்றை வயரோடு போனேன்.

பெப்ரவரி 15. மண்டபக் கதவு திறந்தது. எல்லோரும் எழும்பினார்கள். வாசிக்கத் தொடங்கினேன். முதலாம் கம்பி அந்த உயரமான கூரை வரை போய் வந்தது. இவ்வளவு நாளும் நான் கேட்காமல் இருந்த சத்தம். என் விரலில் எந்தப் பிழையும் இல்லை.

என் கண் மட்டும் பெட்டியின் திரையில். பச்சை விளக்கு எரிகிறதா? எரிகிறது. கம்பனிச் சின்னம் வருகிறதா? வரவில்லை. இன்னும் எரிகிறதா? ஓம். இப்போது? ஓம்... கடைசிச் சுரத்தை வாசித்து முடித்து நிமிர்ந்தபோது ஸ்டெல்லா மேடையில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்றாள். கை தட்டினார்கள்.

அவள் நடந்து வந்ததை நான் பார்க்கவில்லை. இருபத்தொரு வருடம் காத்திருந்த இரண்டு நிமிடத்தில் ஒரு செக்கனாவது நிமிர்ந்து பார்க்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் மட்டக்களப்புக்காரர் சோற்றுக் கோப்பையோடு வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

“அருமையான டோன் அண்ணே. என்ன செற்றிங்?”

“ஒரு வயரைக் கழட்டினனான், அவ்வளவுதான்.”

சிரித்தார். பிறகு, “பொம்பிளை கதவடியில கொஞ்சம் தயங்கினது. நீங்கள் தொடங்கின உடனதான் காலெடுத்து வச்சது. உங்களைப் பாத்துப் பாத்துத்தான் வந்தது. பாதி வழியில அழுகை வந்திட்டுது, ஆனா நிக்கேல்லை. நீங்கள் கவனிச்சனீங்களோ?”

“இல்லைத் தம்பி. இன்னொருக்காச் சொல்லுங்கோ,” என்றேன்.

முதலிலிருந்து சொன்னார். எந்தக் கையில் பூ, எந்த இடத்தில் கண்ணைத் துடைத்தாள், தகப்பன் எப்படி அடி தவறினான்... ஒன்றும் விடவில்லை. பார்ப்பதைத் தவிர அவருக்கு அங்கே வேறு வேலை இருக்கவில்லை.

கிற்றாரை உறையிலிருந்து எடுக்காமலே பின்னேர பஸ்ஸில் ஊருக்குப் போனார். பேசிய சம்பளம், போகவர பஸ் செலவு, எல்லாமாக அவருக்கு நான் கொடுத்தது இருபத்திரண்டாயிரத்து அறுநூறு ரூபா.